குதிக்கால் சொல்லாதது: அத்திவார மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் முறை

எங்கள் பக்கத்து மேசன்மார் மண் பார்ப்பது குதிக்காலால்தான். கிடங்குக்குள் இறங்கி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் குதிக்காலை ஊன்றி ஒரு திருகு. பள்ளம் விழாவிட்டால், "கல்லு மாதிரிக் கிடக்கு மிஸ், கொங்கிறீட்டப் போடுவம்."

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. எழுபது கிலோ ஆள் ஒற்றைக் குதிக்காலில் நின்றால் மண்ணில் படும் இடம் ஏறக்குறைய முப்பது சதுர சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால் சதுர அடிக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வருகிறது. இரண்டு மாடி வீட்டுத் தூண் ஒன்று தன் பூட்டிங் (தூணின் அடியில் போடும் அகன்ற கொங்கிறீட் பாதம்) வழியாக மண்ணுக்குக் கொடுப்பதைப் போல அது இரு மடங்கு. ஆகவே குதிக்காலுக்கு இளகாத மண் நல்ல மண்தான், மேல் நாலைந்து அங்குலத்துக்கு. அதற்குக் கீழே குதிக்காலின் பாரம் போவதில்லை. வீட்டின் பாரம் பத்தடி வரைக்கும் போகும்.

இருபத்தாறு வருடம் மட்டக்களப்பில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுனாமிக்குப் பிந்திய வீடுகள், 2011 தை வெள்ளத்துக்குப் பிந்திய வீடுகள் என்று எண்ணிக்கை மறந்துபோன கிடங்குகளை எட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போதும் என் ஸ்கூட்டியின் பக்கத்தில் ஐந்தடி நீளமான அரை அங்குலக் கம்பி ஒன்று கட்டியிருக்கும். பொலிஸ் சோதனைச் சாவடியில் இரண்டு தடவை அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரரும் அயலாரும் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னதை ஒரே இடத்தில் எழுதுகிறேன். ஒரு மாடி வீட்டுக்கும், நல்ல மண்ணில் கட்டும் சிறிய இரண்டு மாடி வீட்டுக்கும் இது உதவும். அதற்கு மேலே போனால் என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மண் தாங்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடக்கும். வாவிக்குள் இறால் பிடிக்க இறங்கியவர்களுக்குத் தெரியும்: சேற்றில் காலை வைத்தவுடன் கால் புதையும், காலைச் சுற்றிச் சேறு மேலே பிதுங்கும். அது மண் உடைந்து விலகுவது. மற்றது, மண் உடையாமலே மெல்ல மெல்ல அமுங்குவது. புது மெத்தை நாலைந்து மாதத்தில் நடுவில் பள்ளமாவது போல. எங்கள் பக்கத்தில் வீடுகள் வெடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதால். அதிலும் முழு வீடும் சீராக ஓர் அங்குலம் இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது. குசினிப் பக்கம் மட்டும் இறங்கினால்தான் யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல வெடிப்பு ஓடும், கதவு இறுகும்.

முதலில் வீட்டின் நிறை

மண்ணைப் பார்க்க ஓடுமுன் ஒரு கொப்பித்தாளில் வீட்டை நிறுத்துப் பாருங்கள். பொறியியலாளர் கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் பேசுவார். எங்களுக்குச் சதுர அடிக்கு எத்தனை தொன் என்பது சுகம். சதுர அடிக்கு ஒரு தொன் என்பது 105 கிலோபாஸ்கல் அளவில் வரும். நூறு என்று மனதில் வைத்தால் போதும்.

ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லில் கட்டி இரு பக்கமும் பூசிய பத்தடி உயரச் சுவர், ஓடும் அடி ஒன்றுக்கு மூன்றில் ஒரு தொன் வரும். அதன் கீழே கருங்கல் அத்திவாரம் கால் தொன். கூரையில் அதற்கு வரும் பங்கு சொற்பம். எல்லாம் சேர்த்து ஓர் அடி நீளத்துக்கு முக்கால் தொன்னுக்குள் அடங்கும். அத்திவாரத்தின் அடி அகலம் இரண்டு அடி என்றால் மண்ணில் விழுவது சதுர அடிக்கு மூன்றில் ஒரு தொன், அதாவது 35 கிலோபாஸ்கல் அளவு. இது பெரிய பாரமில்லை. இளகிய களி கூட இதைத் தூக்கிவிடும். ஆகவே ஒரு மாடி வீட்டுக்காரர் "மண் தாங்குமா" என்று பயப்படுவதைவிட "எல்லா மூலையிலும் ஒரே மண்தானா" என்று பயப்படுவது பிரயோசனம்.

மேல்மாடி வந்தால் கதை வேறு. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி இடைவெளியில் தூண்கள் என்று வையுங்கள். நடுத் தூணுக்கு வரும் பங்கு: ஐந்து அங்குலச் சிலாப் 4 தொன், தரைப்பூச்சும் மாபிளும் 1.3, ஆட்களும் சாமானும் 2, இரண்டு தட்டுச் சுவர்களும் 12, பீமும் தூணும் 4.4, கூரை 1.3. மொத்தம் 25 தொன். சுவர்தான் பாதி என்பதைக் கவனியுங்கள். "சும்மா ஒரு தடுப்புச் சுவர்தானே" என்று மேல்மாடியில் பிறகு சேர்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

25 தொன்னுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி பூட்டிங் போட்டால் சதுர அடிக்கு ஒரு தொன். நாலுக்கு நாலு போட்டால் ஒன்றரைக்கு மேல். மண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்போது கையில் இருக்கிறது: இந்த ஒரு தொன்னை நீ தூக்குவாயா?

கிடங்கு வெட்டுதல்

ஒரு கிடங்கு வெட்டி எதிர்காலத்தைச் சொல்லாதீர்கள். வீட்டின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு, சந்தேகம் வந்தால் நடுவில் ஒன்று. ஆழம் எவ்வளவு? அத்திவாரம் உட்காரும் மட்டத்திலிருந்து கீழே, பூட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது மண் என்னவென்று தெரிய வேண்டும். ஐந்தடி பூட்டிங் என்றால் அதன் கீழே ஏழெட்டு அடி.

அந்த ஆழத்துக்குக் கையால் வெட்டச் சொல்லவில்லை. கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு என்று கடலுக்கும் வாவிக்கும் அல்லது வயலுக்கும் இடைப்பட்ட எங்கள் மணல் நிலத்தில் கிடங்குச் சுவர் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். இடுப்புக்கு மேல் ஆழமான மணல் கிடங்குக்குள் ஆளை இறக்க வேண்டாம். நாலடி வெட்டிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்க் கிணறு அடிக்கிறவர்களிடம் கொடுங்கள். எப்படியும் வீட்டுக்குக் குழாய்க் கிணறு அடிக்கத்தான் போகிறீர்கள். அதை வீடு கட்டி முடிந்த பிறகு அடிக்காமல் முதலே அடியுங்கள். குழாய் இறங்க இறங்க மேலே வரும் தண்ணீரின் நிறத்தையும் மண்ணையும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஒவ்வொரு மூன்றடிக்கும் ஒரு பிடி மண்ணைப் பொலித்தீன் பையில் போட்டு ஆழத்தை எழுதுங்கள். வெள்ளை மணல் வந்துகொண்டிருந்த குழாயில் திடீரென்று கறுப்புத் தண்ணீர் வந்தால் அந்த ஆழம் உங்கள் வீட்டின் தலைவிதி.

அயல் வளவில் கிணறு வெட்டியவரை விசாரியுங்கள். ஆளைக் கண்டுபிடித்து ஒரு பிளேன்டீ கொடுத்தால், எந்த ஆய்வு அறிக்கையிலும் இல்லாத விவரம் வரும்.

கிடங்குச் சுவரில் இன்னொன்றைத் தேடுங்கள். ஆவணியில் வெட்டினால் அடியில் தண்ணீர் இராது. ஆனால் சுவரில் ஒரு மட்டத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் துருக்கறை போலச் செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறி இறங்கியதன் கையெழுத்து அது. எங்கள் வீட்டுக் கிணற்றில் புரட்டாதியில் எட்டடிக் கயிறு விட வேண்டும், மார்கழியில் குனிந்து வாளியால் அள்ளலாம். தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு வரும்போது சொல்கிறேன்.

கையும் கம்பியும்

மணலைச் சோதிக்க என் கம்பி. கிடங்கின் அடியில் நிறுத்திக் கையால் அமுக்குங்கள். சுலபமாக இறங்கினால் இளகிய மணல். கைக்கு இறங்காமல் ஐந்து இறாத்தல் சுத்தியலால் தட்டச் சுலபமாக இறங்கினால் நடுத்தர இறுக்கம். அதே சுத்தியலுக்கு ஓரடி போய் நின்றால் இறுக்கமான மணல். சில அங்குலத்தோடு நின்றுவிட்டால் மிக இறுக்கம், அல்லது கல்லில் பட்டிருக்கிறது. இரண்டடி தள்ளி இன்னொரு தடவை குத்தினால் எது என்று தெரிந்துவிடும். மண்வெட்டியும் சொல்லும்: மண்வெட்டிக்கு வருவது இளகிய மணல், பிக்காசு கேட்பது இறுக்கமான மணல்.

களிக்கு விரல் போதும். ஈரமான கட்டியைக் கையில் பிசையுங்கள். விரலிடுக்கால் பிதுங்கினால் அதில் ஒன்றும் கட்டக்கூடாது. மெல்ல அமுக்கவே உருமாறினால் இளகிய களி. பலமாக அமுக்கினால்தான் உருமாறும் என்றால் ஓரளவு உறுதி. பிசையவே முடியாமல் பெருவிரல் மட்டும் பதிந்தால் உறுதியான களி. பெருவிரலும் பதியாமல் நகம் மட்டும் கீறினால் மிக உறுதி. இதைச் செய்யும்போது கிடங்குச் சுவரில் வெயில் பட்டுக் காய்ந்த இடத்தில் எடுக்காதீர்கள். காய்ந்த களி எல்லாமே வீரன்தான்.

பிறகு மணந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அழுகிய இலை மணமோ கூழ்முட்டை நாற்றமோ வந்து, கறுப்பாக, நார் நாராக இருந்தால் அது மண்ணே அல்ல, மக்கிய காடு.

இப்படிக் கண்டுகொண்ட மண்ணுக்கு எண் வைக்க, 1986ஆம் ஆண்டுப் பிரித்தானிய நியமமான பிஎஸ் 8004 தரும் உத்தேச அளவுகளைத்தான் நான் பாவித்தேன். இளகிய மணலுக்கு 100 கிலோபாஸ்கலுக்குக் குறைவு, நடுத்தர இறுக்கத்துக்கு 100 முதல் 300, இறுக்கமான மணலுக்கு 300க்கு மேல். இளகிய களிக்கு 75க்குக் குறைவு, ஓரளவு உறுதிக்கு 75 முதல் 150, உறுதியான களிக்கு 150 முதல் 300. மக்கிய மண்ணுக்கு எண்ணே கிடையாது. மணலின் எண்களுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அத்திவாரத்தின் அகலம் ஒரு மீற்றராவது இருக்க வேண்டும், நிலத்தடி நீர் அத்திவார அடியிலிருந்து குறைந்தது அந்த அகல அளவு கீழே இருக்க வேண்டும். எங்கள் கரையோரத்தில் இந்த இரண்டாவது நிபந்தனை மாரிகாலத்தில் நிறைவேறுவதே இல்லை. அப்போது மணலுக்குரிய எண்ணைப் பாதியாக்குங்கள்.

ஏன் பாதி

நம்பாதவர்களுக்குக் கணக்கு. மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி 1943இல் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் எல்லோருக்கும் தொடக்கப் புள்ளி. சதுரப் பூட்டிங் தூய மணலில் உட்கார்ந்தால் மண் உடையும் அழுத்தத்துக்கு இரண்டு பங்கு உண்டு. ஒன்று, பூட்டிங்கைச் சுற்றி மேலே கிடக்கும் மண்ணின் நிறை, பிதுங்க வரும் மண்ணை அமுக்கிப் பிடிப்பது. மற்றது, பூட்டிங்கின் கீழே உள்ள மண்ணின் நிறை. இரண்டிலும் மண்ணின் நிறைதான் காவல்காரன்.

ஐந்தடி, அதாவது ஒன்றரை மீற்றர் பூட்டிங். ஒரு மீற்றர் ஆழம். மணலின் உராய்வுக் கோணம் (மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டுவது) 30 பாகை என்றால் டெர்சாகியின் குணகங்கள் 22.5, 19.7. உலர்ந்த மணல் கன மீற்றருக்கு 17 கிலோநியூட்டன். முதல் பங்கு 17 × 1 × 22.5 = 382. இரண்டாவது 0.4 × 17 × 1.5 × 19.7 = 201. கூட்டினால் 583. பாதுகாப்புக்காக மூன்றால் வகுத்தால் 194 கிலோபாஸ்கல். சதுர அடிக்கு இரண்டு தொன்னுக்குக் கிட்ட.

இனி மார்கழி. தண்ணீர் முற்றம் வரை வந்துவிட்டது. தண்ணீருக்குள் மிதப்புத் தன்மையால் அதே மணல் கன மீற்றருக்கு 9 கிலோநியூட்டன்தான் நிறுக்கும். 202 + 106 = 308. மூன்றால் வகுத்தால் 103. நாங்கள் மேலே கேட்டது 105.

இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கும் ஒருகணம் வயிறு கலங்கியது. மூன்றால் வகுத்திருப்பதால் வீடு விழாது. ஆனால் ஆவணியில் கிடங்கு பார்த்து "நாலுக்கு நாலு காணும்" என்று சொன்ன மேசனுக்கு அந்த மார்கழிக் கணக்கு தெரியாது. இளகிய மணல் என்றால் கோணம் இன்னும் குறையும், இந்த 103உம் கிடைக்காது.

களிக்குச் சூத்திரம் இன்னும் சுருக்கம்: பிதுங்கலுக்கு எதிரான அதன் பிடிமானத்தை இரண்டால் பெருக்குங்கள், அவ்வளவுதான். ஓரளவு உறுதியான களியின் பிடிமானம் 40 முதல் 75 கிலோபாஸ்கல். இரண்டால் பெருக்கினால் மேலே சொன்ன நியமத்தின் எண்களே வரும்.

இருபது பை சீமெந்து

வெளியூர் ஆய்வுகூடம் வேண்டாம், நாங்களே பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அதை எனக்குப் பிடிக்கும், அது என்னை ஒரு தடவை ஏமாற்றியும் இருக்கிறது.

ஓரடிக்கு ஓரடி இரும்புத் தகடு, அரை அங்குலத்துக்குக் குறையாத தடிப்பு. அத்திவார மட்டத்துக்குக் கிடங்கு வெட்டி, அடியை மட்டமாக்கி, ஒரு கைப்பிடி மெல்லிய மணல் தூவித் தகட்டை வையுங்கள். அதன் மேல் குட்டையான மரக்கட்டை, கட்டையின் மேல் பலகைத் தட்டு, தட்டில் ஐம்பது கிலோ சீமெந்துப் பைகள். இருபது பை ஒரு தொன், தகடு ஒரு சதுர அடி. கணக்கே தேவையில்லை. தட்டு ஒரு பக்கம் சரிந்தால் காலை முறிக்கும், ஆகவே நாலு பக்கமும் கல்லடுக்கி ஓர் அங்குல இடைவெளி விட்டு முட்டுக் கொடுங்கள். ஐந்தடி தள்ளி இரு பக்கமும் கட்டை அறைந்து, தகட்டுக்கு மேலாக நைலோன் நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூலுக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை உருக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். ஐந்து பை ஏற்றுவது, இறக்கம் நிற்கும் வரை பொறுப்பது, அளப்பது. இருபது வந்ததும் இரவு விட்டுக் காலையில் ஒரு தடவை. மனம் கேட்காவிட்டால் முப்பது பை வரை போங்கள்.

தகடு 6 மில்லிமீற்றர் இறங்கியது என்று வையுங்கள். ஐந்தடி பூட்டிங்கும் அவ்வளவுதான் இறங்கும் என்று நினைக்காதீர்கள். மணலில், அடியில் அளந்த பூட்டிங் அகலத்தின் இரு மடங்கை, அகலத்தோடு ஒன்று கூட்டி வருவதால் வகுத்து, விடையை வர்க்கித்துப் பெருக்க வேண்டும். பத்தை ஆறால் வகுத்து வர்க்கித்தால் 2.8. ஆறு மில்லிமீற்றர் பதினேழாகிறது. தனித்தனிப் பூட்டிங்குக்கு 25 மில்லிமீற்றர் வரை என்பது பொது வழக்கம், ஆகவே இது பாஸ். களியில் இந்தச் சோதனை பொய் சொல்லும். களி இறங்கி முடிக்க வருடங்கள் எடுக்கும். உங்கள் பைகள் ஒரு நாள்தான் நிற்கும்.

இனி நான் ஏமாந்த கதை. வாவிக் கரையில் ஓர் ஆசிரியை வாங்கிய பத்துப் பேர்ச் துண்டு. ஐந்தடி கிறவல் போட்டு நிரப்பி விற்றிருந்தார்கள். ஒரு மாடி வீடுதான். இரண்டடி வெட்டித் தகட்டை வைத்தோம், இருபது பை ஏற்றினோம், மூன்று மில்லிமீற்றர் கூட இறங்கவில்லை. எனக்கே பெருமை. இரண்டாவது மாரி கழிய வாவிப் பக்க அறையில் கதவு இறுகியது. பங்குனியில் யன்னல் மூலையிலிருந்து தரை வரை வெடிப்பு, என் சுண்டுவிரல் நுழையும். பக்கத்து வளவு அம்மம்மா வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அது முந்திக் கண்ணாக்காடு புள்ள. நாங்க அதுக்குள்ளதான் நண்டு புடிச்ச. உன்னட்ட ஆரும் சொல்லல்லயா?"

கண்ணாக்காடு என்றால் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு. ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடந்தது என்னவென்றால், பாரம் கீழே போகப் போக விரியும். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்துக்கு அரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். அத்திவார அடியிலிருந்து கறுப்புச் சேறு மூன்றடி கீழே. ஓரடித் தகட்டின் பாரம் அங்கே போய்ச் சேரும்போது நாலடிக்கு நாலடி விரிந்து, பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. சேற்றுக்கு அது உறைக்கவே இல்லை. நீளமாக ஓடும் இரண்டரை அடி அகல அத்திவாரத்தின் பாரம் அகலவாட்டில் மட்டும்தான் விரிய முடியும். அதன் பாரத்தில் ஏறக்குறைய பாதி சேற்றுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய பாரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை: நிரப்பிய கிறவல். ஐந்தடி கிறவல் சதுர அடிக்குக் கால் தொன். வளவு முழுவதும் விரிந்து கிடப்பதால் அது ஆழத்தோடு குறைவதும் இல்லை. வாவிப் பக்கம் சேறு தடிப்பு, றோட்டுப் பக்கம் மெல்லிசு. வீடு வாவியைப் பார்த்துச் சரிந்தது.

அதற்குப் பிறகு நிரப்பிய காணி என்றால் என் முதல் வேலை, அந்த வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அம்மம்மாவைத் தேடுவது. நிரப்பிய வருடம் என்ன, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, எதைக் கொண்டு நிரப்பினார்கள். கிறவலை ஆறேழு அங்குலத் தட்டாகப் போட்டு உருளையால் இறுக்கினார்களா, டிப்பரால் கொட்டிப் பெக்கோவால் தள்ளினார்களா. இரண்டாவது என்றால் அதை மண் என்று எண்ணாதீர்கள். கீழே சேறில்லாத இடத்தில் நிரப்பை வெட்டிக் கடந்து பழைய நிலத்தில் அத்திவாரத்தை வையுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இதோடு போகட்டும்: "மண் சரியில்லையா, பூட்டிங்க அகலமாப் போடு." மேல்மண் இளக்கம் என்றால் அது சரி. இறுக்கமான மேல்தட்டுக்குக் கீழே சேறு என்றால், அகலம் கூடக் கூடப் பாரம் ஆழமாகப் போய் அந்தச் சேற்றையே தேடிப் பிடிக்கும்.

படுவான்கரை, கல் நிலம்

வாவிக்கு மேற்கே வயல் களியில் மேலே சொன்ன எண்கள் நன்றாகத்தான் வரும். அங்கே பிரச்சினை தாங்காததல்ல, அசைவது. ஆடியில் விரல் நுழையும் வெடிப்பு, மார்கழியில் ஊதிப் பொங்கல். பாரமில்லாத சிறிய வீட்டை அது தூக்கியே காட்டும். கோடையில் அந்த வெடிப்புக்குள் மெல்லிய கம்பியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே அத்திவாரம் போக வேண்டும். சுவருக்குக் கிட்ட வேம்பு வைக்காதீர்கள். அத்திவாரத்தின் மேலே சுற்றிவரப் பிளின்த் பீம் (கம்பி வைத்த கொங்கிறீட் பட்டி) ஓட விடுங்கள், கம்பியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கரடியனாறு, உன்னிச்சைப் பக்கம் கல் தலை நீட்டும். அங்கே வீட்டின் பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் உட்காராமல் பார்த்தால் போதும்.

எப்போது ஆய்வுக்குக் கொடுப்பது

கறுப்புச் சேறு கண்டால், நிரப்பிய காணியில் மேல்மாடி கட்டினால், இரண்டு கிடங்கில் இரண்டு மண் வந்தால், மூன்று மாடி என்றால், கையையும் கம்பியையும் வைத்துவிட்டுத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ நல்ல ஆய்வுகூடத்திடமோ போங்கள். அவர்கள் துளையிட்டு 63.5 கிலோச் சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழ விட்டு, குழல் 45 சென்ரிமீற்றர் இறங்கும்போது கடைசி 30க்கு சம்மட்டி எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணுவார்கள். மணலில் அந்த எண் பத்துக்குக் குறைந்தால் இளகல், பத்து முதல் முப்பது நடுத்தரம், அதற்கு மேல் இறுக்கம். அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் இரண்டு இடம் பாருங்கள்: துளை எவ்வளவு ஆழம் போனது, நிலத்தடி நீரை எந்தத் திகதியில் அளந்தார்கள். எனக்குக் கிடைத்த ஓர் அறிக்கையில் நீர் மட்டம் ஆறடி என்று இருந்தது. திகதி செப்டெம்பர். நான் சிவப்புப் பேனையால் அதன் பக்கத்தில் "மார்கழியில் ஓரடி" என்று எழுதி, மண்ணின் தாங்குதிறனைத் திரும்பவும் கணக்குப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

கடைசியாக, எல்லாம் சரி என்று கண்டு கிடங்கு வெட்டும் நாளில் அடியில் ஆறு அங்குலத்தை வெட்டாமல் விட்டு வையுங்கள். கொங்கிறீட் கலவை தயாராகும் அன்று காலையில் அதைச் சுரண்டி எடுத்து, அதே நாளில் மெல்லிய கொங்கிறீட்டால் மூடுங்கள். முழுதாக வெட்டித் திறந்துபோட்ட களிக் கிடங்கில் ஓர் இரவு மழை பெய்தால், நேற்று நகம் மட்டும் கீறிய களியில் இன்றைக்குப் பெருவிரல் போகும். மேசன் அவசரப்பட்டு மேலே கிறவல் தூவி மறைக்கப் பார்ப்பார். அந்த இளகிய தட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, சுரண்டிய அளவுக்குக் கொங்கிறீட்டையே கூட்டிப் போடச் சொல்லுங்கள்.